ட்ரோனைப் பறக்கவிட்டவள் நானே

அனுப்புநர்:
திருமதி ஜசிந்தா பிலிப்பு (வயது 74),
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
இல. 14, மாதா கோயில் ஒழுங்கை,
நாரந்தனை வடக்கு,
ஊர்காவற்றுறை.

பெறுநர்:
சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
யாழ்ப்பாணம்.

(பதிவுத் தபாலில்)

விடயம்: 15.02.2025 அன்று எனது வளவில் நடந்த வெட்டுச் சம்பவத்தில் குற்றமற்றவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டிருப்பதும், எனது வாக்குமூலம் மூன்று தடவை பதிய மறுக்கப்பட்டதும்

மதிப்புக்குரிய ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். ஜெகதீஸ் என்பவரைக் காப்பாற்றுவதற்காக நான் பழியை என் தலையில் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சிலர் அதை நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள். சிலர் எனக்கு வயதினால் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்கிறார்கள். இரு சாராரும் சொல்வது பிழை. அந்தக் கமரா ட்ரோன் என்னுடையது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவள் நான். பறக்கவிட்டவள் நான். பிரசாந்தன் என்பவருடைய முகத்தில் அதை மோதவிட்டவளும் நான். தெரிந்தே மோதவிட்டேன்.

2. இவற்றில் ஒன்றையும் செய்யாத ஜெகதீஸ் (வயது 49, கடற்றொழிலாளி) பதின்மூன்று நாட்களாக, முதலில் வைத்தியசாலையில் பொலிஸ் காவலிலும் இப்போது விளக்கமறியலிலும் இருக்கிறார். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. வெட்டுப்பட்டவரையே வெட்டியவர் என்று எழுதியிருக்கிறார்கள். வழக்கு 06.03.2025 அன்று மீண்டும் எடுக்கப்படும். அதற்குள் எனது வாக்குமூலம் பதியப்படாவிட்டால் அவர் மறுபடியும் உள்ளே அனுப்பப்படுவார். ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

3. எனது வளவு மூன்று பரப்புக் காணி. மேற்கு எல்லை வேலி அயல் வளவுக்காரரான பிரசாந்தன் (வயது 36) குடும்பத்தின் பொறுப்பு. வருடாவருடம் அவர்கள்தான் அடைப்பார்கள். அடைக்கும்போது, வேலியில் நட்ட கதியால் கம்புகளில் பட்டுப்போனதைப் பிடுங்கிப் புதுக் கதியால் நடுவார்கள். புதியது பழைய குழிக்குள் போவதில்லை. என் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போகும். எல்லாக் கதியாலும் ஒரே வருடத்தில் பட்டுப்போவதில்லை என்பதால், நிலத்தில் நின்று பார்ப்பவருக்கு வேலி நேராகவே தெரியும். என் கணவர் 2011 இல் இறந்தபோது எங்கள் கிணற்றுக்கும் வேலிக்கும் இடையே ஒரு வண்டில் திரும்ப இடம் இருந்தது. இந்த வருடம் தொடங்கும்போது அதில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதே சிரமமாக இருந்தது.

நில அளவையாளர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் அவரை வேலிக்கு அப்பால் அளக்க விடவில்லை. ஆனால் வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் எல்லைக் கற்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே வேலி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை மேலிருந்து எடுத்த ஒரு படம் காட்டிவிடும். பங்குனியில் அடுத்த அடைப்பு வருவதற்கு முன் அந்தப் படம் எனக்குத் தேவைப்பட்டது. பிரான்சிலுள்ள மகள் அன்ரனிட்டாவிடம் கேட்டேன். அவள் ஊருக்கு வந்த ஒருவரிடம் ட்ரோனைக் கொடுத்து அனுப்பினாள்.

4. 12.02.2025 புதன்கிழமை பெட்டியைத் திறந்தேன். கன்னியர் மடப் பாடசாலையில் ஆங்கிலம் படித்தவள் ஆகையால் கைநூலை முதற்பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம் வரை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று பற்றரிகளையும் முழுமையாகச் சார்ஜ் செய்தேன். கமராவின் மேல் இருந்த பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினேன். அதைக் கழற்றாமல் இயக்கினால் கமராவைத் தாங்கும் பகுதி பழுதாகும். ட்ரோனின் கைகள் நான்கையும் முன்னவை முதலில், பின்னவை பிறகு என விரித்தேன். சுழலிகளில் இரண்டு வகை உண்டு. அடையாளமிட்டவற்றை அடையாளமிட்ட கைகளில்தான் பூட்ட வேண்டும். மாறிப் பூட்டினால் எழும்பாது, கவிழும். பெட்டியோடு வந்த சிறு திருப்புளியால் ஒவ்வொரு ஆணியையும் நானே இறுக்கினேன். கைத்தொலைபேசியில் அதற்குரிய செயலியை இறக்க எங்கள் வீட்டில் சிக்னல் போதாது. கோயில் மதிலடியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். திசைகாட்டியைச் சரிப்படுத்துவதற்காக ட்ரோனைக் கிடையாகப் பிடித்து ஒரு சுற்றும், நிமிர்த்திப் பிடித்து ஒரு சுற்றும் முற்றத்தில் சுற்றினேன்.

இவற்றைத் தங்கள் நேரத்தை வீணாக்குவதற்காக எழுதவில்லை. ஜெகதீஸிடம் இவற்றில் ஒன்றையாவது கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது.

அன்றே கிராம அலுவலருக்கு எழுத்தில் அறிவித்தேன் (இணைப்பு 1). ட்ரோனைப் பதிவதிலோ அனுமதி பெறுவதிலோ குறை இருந்தால் அந்தக் குற்றமும் என்னுடையதே.

5. 13 ஆம் திகதி காலை அதை ஓராள் உயரத்துக்கு எழுப்பி, மூன்று நிமிடம் நிறுத்தி இறக்கினேன். 14 ஆம் திகதி முன்னும் பின்னும் நகர்த்திப் பழகினேன். ஒரு தடவை முருங்கைக் கொப்பில் மோதப் போனது. சற்று முன்னால் தானே நின்றுவிட்டது. எதிரில் தடையைக் கண்டால் நிற்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது.

6. 15 ஆம் திகதி சனிக்கிழமை ஜெகதீஸ் கடலுக்குப் போகவில்லை. அவர் எழுவைதீவில் பிறந்து எங்கள் ஊரில் மணம் முடித்தவர். தொழில் இல்லாத நாட்களில் வளவு வேலைக்கு வருவார். மேலிருந்து வேலி தெளிவாகத் தெரிவதற்காக என் பக்கம் சாய்ந்திருந்த கிளுவைமரக் கொப்புகளை வெட்டினார். வெட்டி முடித்துக் கத்தியை முருங்கையடியில் வைத்தார்.

காலை ஏழு மணிக்கு ட்ரோனை எழுப்பினேன். வெயிலில் திரை தெரியாது. ஆகையால் விறாந்தையில் எனது கதிரையில் இருந்து, கட்டுப்படுத்தியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் நிழல் கொடுத்து, குனிந்து பார்த்தபடி செலுத்தினேன். ட்ரோன் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஜெகதீஸ் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து எனக்குக் கையால் காட்டினார்.

பிழை இங்கேதான் நேர்ந்தது. அதே கதிரையில், அதே நேரத்தில், அப்படியே குனிந்து, மடியில் கை வைத்து நான் செபமாலை சொல்வதை ஊர் முப்பது வருடமாகக் கண்டிருக்கிறது. பெருவிரல் அசைவதுகூட அதேபோலத்தான் இருக்கும். அயல் வீட்டார் வேலிக்கு மேலால் பார்த்தபோது அண்ணாந்து கையசைக்கும் ஓர் ஆண் தெரிந்தார். அவர் கை காட்டிய பக்கம் ட்ரோன் போனது. விறாந்தையில் ஒரு கிழவி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் கண்டது அவ்வளவே.

7. எனது தவறை மறைக்கவில்லை. 7.11 மணியளவில் கமராவின் சாய்வை மாற்றுவதில் கவனமாக இருந்தேன். கிழக்கே வரும்படி ஜெகதீஸ் கை காட்டியதை நான் பார்க்கவில்லை. ட்ரோன் பிரசாந்தன் வீட்டுக் கிணற்றடிக்கு மேல் பதினொரு வினாடி நின்றது. அங்கே அவருடைய மனைவி தாரிகா குளித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தவர் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார். படத்தில் அவர் மார்புக்கு மேல் கட்டிய குறுக்குக்கட்டோடு தெரிகிறார். ஒரு பெண்ணாக அதற்கு நான் வெட்கப்படுகிறேன். மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அது நான்காகக் கிழிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அவருடைய கோபம் நியாயமானது. அதற்கான முறைப்பாட்டில் எதிரியாக எழுதப்பட வேண்டியவள் நான்.

8. தாரிகா கத்தியதும் ட்ரோனை என் முற்றத்துக்கு மேல் எட்டு மீற்றர் உயரத்துக்குக் கொண்டுவந்தேன். இறக்குவதற்குள் வேலியை உதைத்துப் பிரித்துக்கொண்டு மூவர் உள்ளே வந்தார்கள். பிரசாந்தன், அவருடைய தம்பி தர்சன், பெயர் தெரியாத தாடி வைத்த ஒருவர். கமரா தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தது. கீழே உள்ள நேரங்கள் அந்தப் பதிவில் இருப்பவை.

7.13. தர்சன் வேலியிலிருந்து ஒரு கதியாலைப் பிடுங்கி ஜெகதீஸின் முழங்காலில் அடித்தார். ஜெகதீஸ் விழுந்தார். “பொம்பிளை குளிக்கிறதைப் படம் பிடிக்கிறியோடா நாயே” என்றபடி பிரசாந்தன் அவருடைய நெஞ்சில் ஏறி மிதித்தார்.

விழுந்த இடத்திலிருந்து ஜெகதீஸ் ஒரு தடவை என்னைப் பார்த்தார். கட்டுப்படுத்தி என் மடியில் இருப்பது அவருக்குத் தெரியும். தபாற்கந்தோர்க் காலத்திலிருந்து அவர் என்னை மிஸ் என்றே அழைப்பார். “அது மிஸ்” என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பார்த்த திசையில் அவர்களும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே திருப்பினார் என்று நான் நம்புகிறேன்.

“பிரசாந்தன், அவர் இல்லை, நான்தான்” என்று இரண்டு தடவை உரத்துச் சொன்னேன். தாடிக்காரர் திரும்பிப் பாராமலே, “நீ உன்ரை செபமாலையைச் சொல்லு கிழவி. இவனுக்கும் சேர்த்துச் சொல்லு” என்றார்.

எட்டு மீற்றர் உயரத்திலிருந்து பார்க்கும்போது அடிப்பவர்களுக்கு முகம் இல்லை. மூன்று உச்சந்தலைகள், ஏறி இறங்கும் கைகள், நடுவில் சுருண்ட ஓர் உடம்பு. கதியால் முறியும்வரை அடித்தார்கள். முறிந்ததும் இன்னொன்று பிடுங்கினார்கள். பதிவை நிறுத்தி நிறுத்தி எண்ணியிருக்கிறேன். கதியால் அடி முப்பத்தொன்று. உதைகளை எண்ண முடியவில்லை.

7.15. பிரசாந்தன் முருங்கையடியில் இருந்த கத்தியை எடுத்தார். தர்சன் ஜெகதீஸின் வலது கையை இழுத்து நிலத்தில் வைத்து, மணிக்கட்டில் காலை ஊன்றி நின்றார். “இந்தக் கைதானே ஆட்டினது” என்று பிரசாந்தன் சொன்னார். முதல் வெட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு வரை இறங்கியது. இரண்டாவது வெட்டு சுட்டுவிரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்தது. பிறகு கத்தியை மறுபடி ஓங்கினார். இம்முறை அவர் பார்த்தது கையை அல்ல. கழுத்தை.

9. எனது கதிரையிலிருந்து அந்த இடம் ஒன்பது மீற்றர். எனக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருக்கிறது. ஒன்பது மீற்றர் நடக்க அரை நிமிடம் வேண்டும். ட்ரோனுக்கு இரண்டு வினாடி போதும். அதை முகமட்டத்துக்கு இறக்கிப் பிரசாந்தனை நோக்கிச் செலுத்தினேன். முருங்கைக் கொப்புக்கு முன் நின்றதுபோலவே அவருக்கு முன்னும் நின்றுவிட்டது. அவர் அதை இடது கையால் தட்டிவிடப் பார்த்தார்.

கட்டுப்படுத்தியில் மூன்று நிலை உள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூன்றாம் நிலையில் வேகம் கூடும். தடையைக் கண்டு நிற்கும் பாதுகாப்பு இயங்காது. மனிதர் நிற்கும் இடத்தில் பாவிக்க வேண்டாம் என்று கைநூல் எச்சரிக்கிறது. நான் சுவிட்சை மூன்றாம் நிலைக்குத் தள்ளினேன். ட்ரோனைச் சற்றுப் பின்னால் எடுத்து, முழு வேகத்தில் முன்னால் விட்டேன்.

அது அவருடைய முகத்தில் பட்டது. சுழலிகள் சுழன்றபடி பட்டன. அது கீழே விழும்வரை நான் பெருவிரலை எடுக்கவில்லை. கத்தியும் விழுந்தது. அவருடைய இடது புருவம், இமை, மூக்கு, கன்னம் கிழிந்தன. இடது கண்ணில் பார்வை திரும்புமா என்று இன்னும் தெரியாது என அறிகிறேன்.

அந்தக் கண்ணுக்காக ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன். ஆனால் தற்செயலாகப் பட்டுவிட்டது என்று சொல்லும்படி மகளும் அவள் ஒழுங்குசெய்த சட்டத்தரணியும் கூறியதை நான் ஏற்கவில்லை. தற்செயல் அல்ல. கத்தி மூன்றாவது தடவை இறங்கியிருந்தால் இந்த மனுவை ஜெகதீஸின் மனைவி ஜெயந்தா விதவையாக எழுதியிருப்பார். அப்படி ஒரு நிலை மறுபடியும் வந்தால் நான் அதையே செய்வேன்.

10. மற்ற இருவரும் பிரசாந்தனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சேலையைக் கிழித்து ஜெகதீஸின் கையைக் கட்டினேன். விரல்கள் இரண்டையும் மணலிலிருந்து எடுத்து, கழுவி, சுத்தமான துணியில் சுற்றி, ஐஸ் போட்ட பாத்திரத்தில் வைத்து அவரோடு வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பொருத்த முடியவில்லை.

பெண் குளிப்பதைப் படம் பிடித்தவரைத் தட்டிக்கேட்கப் போனபோது அவர் கத்தியால் முகத்தில் வெட்டினார் என்று பிரசாந்தன் தரப்பு முதலில் முறைப்பாடு கொடுத்துவிட்டது. பொலிஸார் கேட்டபோது ஜெகதீஸும் தானே பறக்கவிட்டதாகக் கூறியிருக்கிறார். அது பொய். எனக்காகச் சொன்ன பொய். வைத்தியசாலையில் அவரைப் பார்த்தபோது, ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். “நீங்கள் பேசாமல் இருங்கோ மிஸ். எனக்கு அடி பழக்கம்” என்றார்.

அவர் பொய் சொன்னதற்காக அவரைத் தண்டிக்க வேண்டாம். பழக்கம் என்பதற்காக அவரையே தொடர்ந்து அடிக்கவும் வேண்டாம்.

11. எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்கு இம்மாதம் 17, 19, 24 ஆம் திகதிகளில் போனேன். முதல் நாள் இரண்டு மணித்தியாலம் வாசலில் கிடந்த மர வாங்கில் இருத்தப்பட்டேன். பிறகு ஒரு சார்ஜன்ற் தமது கைத்தொலைபேசியில் நாற்பது வினாடி வீடியோ ஒன்றைக் காட்டினார். அயல் வீட்டார் வேலிக்கு மேலால் எடுத்து ஊரெல்லாம் அனுப்பியது. “இதிலை நீங்கள் செபமாலை சொல்லிக்கொண்டெல்லோ இருக்கிறியள் அம்மா. வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டுப் படுங்கோ” என்றார். இரண்டாம் நாள், ட்ரோனை என் கையில் தாருங்கள், எழுப்பிக் காட்டுகிறேன் என்றேன். சிரித்தார்கள். மூன்றாம் நாள் பொறுப்பதிகாரி ட்ரோனின் ஞாபக அட்டையைக் கேட்டார். அவர்கள் ட்ரோனைச் சான்றுப்பொருளாக எடுத்துச் சென்றபோது அட்டை அதில் இல்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பற்றுச்சீட்டு கேட்டேன். பொலிஸை நம்பவில்லையா என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடம் ஒரு பதிவுக் கடிதத்தையும் பற்றுச்சீட்டில்லாமல் வாங்காதவள் நான். ட்ரோன் விழுந்த அன்றே நான் கழற்றி எடுத்த அட்டை இன்னும் என்னிடமே இருக்கிறது.

12. 18 ஆம் திகதி பட்டப்பகலில் மேற்கு வேலி முழுவதும் எரிக்கப்பட்டது. ஜெகதீஸை அடித்த கதியால்களும் அந்தத் தீயில் போயின. 20 ஆம் திகதி புது வேலி அடைக்கப்பட்டுவிட்டது. அது இப்போது என் கிணற்றுக் கட்டைத் தொட்டு நிற்கிறது. அதை உரிய நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வேன். இங்கே அதைக் கேட்கவில்லை. 22 ஆம் திகதி தாடிக்காரர் மோட்டார் சைக்கிளில் என் வாசற் படலையடியில் வந்து நின்று, என்னைப் பார்த்து விரலால் கழுத்தை அறுத்துக் காட்டிவிட்டுப் போனார். அவர்கள் இப்போது உண்மையை அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே போதும். பொலிஸார் மட்டும் அறியவில்லை.

13. தாங்கள் கவனிக்க வேண்டிய சான்றுகள் இரண்டு.

ட்ரோன் பிரசாந்தனை நோக்கி வரும்போது பதிவான படத்தில் ஜெகதீஸின் இரண்டு கைகளும் தெரிகின்றன. வலது கை தர்சனின் காலின் கீழ் கிடக்கிறது. இடது கை தலையை மூடியிருக்கிறது. கட்டுப்படுத்தியை எவரும் கையில்லாமல் இயக்க முடியாது.

பிரசாந்தனின் புருவத்திலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டு ஒன்று எடுக்கப்பட்டதாக அறிகிறேன். வெட்டிய கத்தியில் பிளாஸ்ரிக் இல்லை. மேலதிகச் சுழலி ஒன்றை மாதிரிக்காக இணைத்திருக்கிறேன் (இணைப்பு 2). சட்ட வைத்திய அதிகாரி அதைக் காயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

14. ஆகவே, எனது வாக்குமூலத்தை 06.03.2025 க்கு முன் பதிவு செய்யவும், ஞாபக அட்டையைப் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பொறுப்பேற்கவும், ஜெகதீஸ் மீதான குற்றச்சாட்டைத் திருத்தி அதை நீதிமன்றத்துக்கு அறிவிக்கவும், அவரை அடித்து வெட்டிய மூவரையும் கைது செய்யவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னையும் கைது செய்ய வேண்டுமாயின் செய்யுங்கள். மாற்றுடுப்பும் மருந்தும் ஒரு பையில் எடுத்துவைத்திருக்கிறேன். வாகனத்தில் ஏறுவதற்கு ஒரு பெண் பொலிஸின் உதவி மட்டும் வேண்டும்.

அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் 06.03.2025 காலை எட்டு மணிக்கு நீதிமன்ற வாசலில் நிற்பேன்.

இந்த மனுவுக்குத் தங்கள் கையொப்பத்துடன் எழுத்தில் பதில் தரவும்.

இங்ஙனம்,
ஜசிந்தா பிலிப்பு

இடம்: நாரந்தனை
திகதி: 28.02.2025

இணைப்புகள்:
1. கிராம அலுவலருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி
2. ட்ரோன் சுழலி (ஒன்று)